ஒன்றரைக் கட்டையில் பாடிய ஃபேன்

நேயர்களுக்கு வணக்கம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பலருடைய தலைக்கு மேலே இப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். நான் சொல்லும்வரை அதன் சத்தம் உங்கள் கவனத்தில் இருந்திருக்காது. ஒரே சீராக ஒலிக்கும் எதையும் காது ஓரமாக ஒதுக்கி வைத்துவிடும். இரவில் கரண்ட் போகும்போதுதான் தெரியும், பக்கத்துத் தெரு நாய் குரைப்பது முதல் சுவர்க் கடிகாரம் வரை எத்தனை ஒலிகள் அந்தச் சத்தத்துக்கு அடியில் கிடந்தன என்று.

நான் பேச வந்தது கணினியைப் பற்றி. கடையில் தயாராக வாங்குவது இல்லை, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறோமே, அந்த மேசைக் கணினி. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் மதர்போர்டு, பிராசசர், கேபினட், மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்று பட்டியல் போட்டு வாங்கி வந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எத்தனை ஜி.பி., எவ்வளவு வேகம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிற நாம், "இது எவ்வளவு சத்தம் போடும்?" என்று கடைக்காரரிடம் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியோடுதான் பல வருஷங்களாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். அப்பா பாட்டுக் கற்றவர். இளம் வயதில் தன் குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டவர். கோயில் கச்சேரிகளையும் கல்யாணக் கச்சேரிகளையும் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய கேசட் வைத்திருந்தார். நாடா பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும், அவற்றைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். அதற்காகவே ஒரு கணினி அசெம்பிள் செய்தேன்.

ஏற்றிய முதல் சில கேசட்டுகளை அப்பா கேட்டது கோடைக்காலத்தில். நன்றாக இருக்கிறது என்றார். மார்கழி வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் ஒரு கல்யாணி ஆலாபனையை ஸ்பீக்கரில் போட்டேன். பாதியில் அப்பா கையை உயர்த்தினார்.

"ஏம்மா, தம்புரா ஆடுதே?"

"எங்கப்பா ஆடுது?"

"நல்லாக் கேளு. ஏறி ஏறி இறங்குது. ஊஞ்சல் மாதிரி."

கேட்டேன். ஆமாம். பாடகர் மூச்சு விடும் இடைவெளிகளில் தம்புராவின் நாதம் பெருகுவதும் சுருங்குவதுமாக, நொடிக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாக அசைந்துகொண்டிருந்தது. சுருதி மாறவில்லை. நாதத்தின் அளவுதான் கூடிக் குறைந்தது. கேசட்டில் நாடா சீராக ஓடாவிட்டால் ஒலி தள்ளாடும் என்பது தெரிந்ததுதானே? டெக்கின் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பெல்ட்டை மாற்றினேன். ஹெட்டைச் சுத்தம் செய்தேன். அதே கேசட்டை மறுபடியும் ஏற்றினேன். அதே ஆட்டம். ஸ்பீக்கரில் கோளாறு என்று வேறு ஸ்பீக்கர் இரவல் வாங்கி வந்தேன். அப்போதும் அதே ஆட்டம்.

கடைசியில் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஆட்டம் இல்லை! தம்புரா சுத்தமாக ஒலிக்கிறது. ஹெட்போனைக் கழற்றினால் ஆடுகிறது, மாட்டினால் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் குற்றம் பதிவிலும் இல்லை, டெக்கிலும் இல்லை. அறையில் இருக்கிறது. அறையில் அப்போது ஒலித்துக்கொண்டிருந்த இன்னொரு பொருள் என் கணினி மட்டுமே. குளிருக்காக மேலே மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். கோடையில் அப்பாவுக்கு இது ஏன் கேட்கவில்லை என்பதற்கும் அதுவே காரணம்.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். பின்பக்கத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று சுழல்கிறது. ஒரு பென்சிலின் ரப்பர் முனையை அதன் நடுக்குமிழில் மெதுவாக வைத்து நிறுத்தினேன். அறைக்குள் தம்புரா தானாக நேராகிவிட்டது. பென்சிலை எடுத்தேன். மறுபடியும் ஊஞ்சல்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்கு எளிது, மனத்திலேயே போடலாம். ஃபேனின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் நிமிடத்துக்கு 1200 சுற்று என்று இருந்தது. நொடிக்கு 20 சுற்று. இறக்கைகள் 7. ஒவ்வோர் இறக்கையும் பின்னாலிருக்கும் தகட்டு வலையைக் கடக்கும்போது காற்றை ஒரு தட்டுத் தட்டுகிறது. 20 தடவை 7, 140. நொடிக்கு 140 அதிர்வு. கச்சேரியின் சுருதி ஒன்றரைக் கட்டை. ஒன்றரைக் கட்டையில் ஷட்ஜம், அதாவது 'ஸ', நொடிக்கு ஏறத்தாழ 139 அதிர்வு. பார்த்தீர்களா? என் ஃபேன் அந்தப் பாடகருக்குச் சுருதி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு மயிரிழை தூக்கலாக!

கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு ஒலிகள் சேரும்போது நாதம் இப்படி ஏறி இறங்கும். பள்ளிக்கூட இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர் படித்திருப்பீர்கள். அப்பாவிடம் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. தம்புராவில் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டிய இரண்டு சாரணித் தந்திகளைச் சேர்க்கும்போது இந்த அலையைக் கேட்டுக்கேட்டுத்தான் பிருடையை, அதாவது தந்தியை முறுக்கும் திருகை, திருகுவார்கள். அலை நீண்டு நீண்டு, கடைசியில் நின்றுபோனால் சுருதி சேர்ந்துவிட்டது என்று பொருள். "அப்போ உன் ஃபேனுக்குப் பிருடை வைக்கணும்" என்றார்.

உண்மையில் பிருடை வைக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த ஃபேனை எஸ்.எம்.பி.எஸ். வயரில் நேராகச் செருகியிருந்தார்கள். 12 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் அது ராத்திரி பகலாக ஒரே வேகத்தில் ஓடும். மார்கழிக் குளிர் அதற்குத் தெரியாது. அதைப் பிடுங்கி மதர்போர்டில் ஃபேனுக்கென்று இருக்கும் இடத்தில் செருகினேன். கணினியைப் போட்டதும் முதலில் வரும் அமைப்புத் திரையான பயாஸில் வேகத்தை 700-க்குக் குறைத்தேன். சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகிறது. சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் குறைகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம்போலத் தோன்றும். இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரே மாதிரி ஃபேன் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் கூடுவது 3 டெசிபல்தான். அதனால், வேகமாகச் சுழலும் ஒரு சின்ன ஃபேனை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுழலும் இரண்டு பெரிய ஃபேன் போடுங்கள். 120 அல்லது 140 மில்லிமீட்டர். ஆனால் இரண்டையும் துல்லியமாக ஒரே வேகத்தில் வைக்க முயலாதீர்கள். ஒன்று 700, மற்றொன்று 705 என்று ஓடினால் அவை தமக்குள்ளேயே விம்மும். நன்றாகத் தள்ளி, 650, 750 என்று வையுங்கள்.

பின்பக்கத் தகட்டில் சின்னச் சின்ன ஓட்டை குத்திய வலை இருக்கும். ஃபேனை ஒட்டி அது உட்கார்ந்திருப்பதும் சத்தத்துக்கு ஒரு காரணம். நான் அதை வெட்டி எடுத்துவிட்டு வட்டக் கம்பி வலை வைத்தேன். ஃபேனை இரும்புத் திருகால் முடுக்காமல் ரப்பர் முளைகளில் மாட்டினேன். ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வு கேபினட்டுக்குள் போய், அங்கிருந்து உள்ளே காலியாக இருக்கும் பிளைவுட் மேசைக்குள் இறங்குகிறது. வீணைக்குக் குடம் என்ன செய்கிறதோ, அதையே அந்த மேசை ஹார்டு டிஸ்க்குக்குச் செய்கிறது. கேபினட்டின் காலடியில் நான்கு ரப்பர் துண்டு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்க முடிந்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

சரி, ஃபேனைக் குறைத்தால் சூடு ஏறாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஏறும். அதனால்தான் சத்தத்தைப் பற்றிப் பேச வந்தவள் சூட்டைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. சத்தம் என்பது சூட்டை வெளியேற்ற நாம் கொடுக்கிற விலை. சூட்டையே குறைத்துவிட்டால் விலையும் குறையும்.

கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகவே வெளியே வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் சுமார் 100 வாட் சூட்டை வெளிவிடுகிறது. பிள்ளைகள் கேம் ஆடும்போது கணினி 400 வாட் இழுக்கிறது என்றால், அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாத நான்கு பேர் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால் என்ன ஆகும்?

இன்னொன்று. பிராசசரின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கை இணையத்தில் விமர்சனம் பார்த்து வாங்குகிறோம். சோதித்தவரின் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். ஃபேன் வைத்த எந்த ஹீட் சிங்க்காலும் அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. அந்தக் காற்றுக்கு மேல் எவ்வளவு டிகிரி என்பதுதான் அதன் கணக்கு. அங்கே 65 காட்டினால், சித்திரை வைகாசியில் அறைக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும் நம் வீட்டில் 80-ஐ ஒட்டி வரும். மறுபடியும் சொல்கிறேன், விமர்சனத்தில் காட்டும் எண்ணோடு நம் ஊர் வெயிலையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. இன்டெல் பிராசசர்கள் பல 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கு முன்பே ஃபேன்கள் அலறத் தொடங்கியிருக்கும். இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பிராசசருக்கோ கிராஃபிக்ஸ் கார்டுக்கோ போகும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைப்பது. அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மின்சாரம் செலவாகிறது. அழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் செலவு ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். அளவு மீறிக் குறைத்தால் கணினி உறைந்து நின்றுவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு நாள் முழுக்க வேலை வாங்கிப் பார்த்து, அப்புறம் அடுத்த படி இறங்குங்கள். ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசர்களில் மின்செலவைக் குறைக்க இக்கோ என்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. என் வேலைக்கு அதுவே போதும். ஒலிக் கோப்பு ஒன்றைச் சுத்தம் செய்ய அரை நிமிடம் கூடுதலாக ஆகட்டுமே, என்ன போயிற்று?

அப்புறம் அந்தக் கணினி மேசைகள். முழுக் கணினியையும் நம் ஊரில் சி.பி.யூ. என்றே சொல்கிறோம். அதற்கென்று கதவு வைத்த ஒரு பெட்டி அந்த மேசையில் இருக்கும். தூசி படாமல் இருக்க அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். தான் விட்ட சூடான மூச்சைத் தானே மறுபடி இழுத்துக்கொண்டு அது உள்ளே தவிக்கும். எத்தனையோ வீடுகளில் நான் செய்த ஒரே ரிப்பேர், அந்தக் கதவைக் கழற்றிவிட்டுச் சுவருக்கும் கேபினட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டதுதான். கூடவே தூசி. ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் அது கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஊதிச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

ஃபேன் வேகத்தை எப்படி அமைப்பது என்று ஒரு வார்த்தை. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே பிராசசரின் சூடு ஒரு கணம் துள்ளி இறங்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஃபேன் விர்ரென்று ஏறி இறங்கினால், அது தொடர்ந்து ஓடும் சத்தத்தைவிட மோசம். சீரான சத்தத்தைக் காது ஒதுக்கும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, மாறுகிற சத்தத்தை அதனால் ஒதுக்கவே முடியாது. 60, 65 டிகிரி வரை ஃபேன் மாறாமல் ஒரே வேகத்தில் ஓடட்டும். அதற்கு மேல் போனாலும் சில நொடி பொறுத்து ஏறும்படி பயாஸில் வைக்கலாம்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். ஒலித்தரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன்.

கணினி அமைதியான பிறகுதான் ஸ்பீக்கரிலிருந்து வரும் இரைச்சல்கள் கேட்கத் தொடங்கும். மவுஸை நகர்த்தும்போது ஹெட்போனில் கிர்ரென்று கேட்கிறதா? கேபினட்டின் முன்பக்கத் துளையில் செருகியிருப்பீர்கள். அங்கே போகும் மெல்லிய வயர் கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போகிறது. பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். அதுவும் போதாதென்றால் கணினியின் எண்களை ஒலியாக மாற்றித்தரும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோங்கள். யூ.எஸ்.பி.யில் செருகும் டேக் என்று சின்னக் கருவிகள் கிடைக்கின்றன.

ஆம்பிளிஃபையரோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தால் அது நம் மின்சாரத்தின் 50 அதிர்வும் அதன் மடங்குகளும். இரண்டு கருவிகளும் இரண்டு வழியில் எர்த் ஆகும்போது வருவது. இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள். மதர்போர்டிலும் ஆம்பிளிஃபையரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அந்தக் கேபிளைப் போடுங்கள். அதில் வெளிச்சம்தான் போகிறது, முனகல் போக வழியில்லை.

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், நேரம் முடிந்துவிட்டது. முனகல் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் இப்போதே விரலில் சுருசுருவென்று இருக்கிறது என்றால், உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. பாட்டை அப்புறம் கேட்கலாம். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வணக்கம்.