யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கடன்: வட்டியை விசாரிக்க முன் காணி உறுதியைப் பாருங்கள்

[திரையில்: வங்கிக் கிளையின் முகப்பு]

வீட்டுக் கடனுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "வட்டி எத்தனை வீதம்?" என்றுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் கடன் இழுபடுவது பெரும்பாலும் காணி உறுதியால், அதாவது காணி உரிமைப் பத்திரத்தால். பிரதேச அபிவிருத்தி வங்கியை எடுத்துக்கொண்டு விளக்குகிறோம்.

1985இன் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் தொடங்கின. கமக்காரரும் சிறுதொழில் செய்வோருமே அவற்றின் வாடிக்கையாளர். 17 ஆக வளர்ந்த அவற்றை 1997இல் ஆறாக்கினார்கள்: ருகுணு, ரஜரட்ட, வயம்ப, ஊவா, கந்துரட்ட, சப்ரகமுவ. இந்தப் பெயர்களில் வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. 2008இன் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆறும் இணைந்து, 2010இல் இன்றைய வங்கி ஆனது. இது அரசுடைமை, அனுமதிபெற்ற விசேட வங்கி என்பதால் நடைமுறைக் கணக்கும் காசோலைப் புத்தகமும் கிடையாது.

தலைவரும் பணிப்பாளர் சபையும் கொள்கையை வகுக்கிறார்கள்; நாளாந்த நிர்வாகம் பொது முகாமையாளர் கையில். கடன் கேட்பவர் அறியவேண்டியது, கிளை முகாமையாளருக்கு ஓர் அதிகார எல்லை உண்டு என்பதை. தொகை அதைத் தாண்டினால் கோப்பு மேலே போகும், நாளும் கூடும். "இந்தத் தொகைக்கு முடிவு எங்கே எடுப்பார்கள்?" என்று முதல் நாளே கேளுங்கள்.

[திரையில்: உறுதி, நில அளவைப் படம், பதிவேட்டுப் பிரதி]

இனி உறுதி. "மூன்று பரப்பில் மூன்றிலொரு பங்கு" என்று எழுதியிருந்தால் (பரப்பு என்பது இங்கத்தைய நில அளவு) அது பிரிக்கப்படாத பங்கு. வங்கி ஈடாக எடுக்கத் தயங்கும். சகோதரங்கள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பிரிவினை உறுதி முடித்து, புதிய நில அளவைப் படமும் எடுக்கவேண்டும். ஒருவர் கனடாவில் இருந்தால், தன் சார்பில் கையெழுத்திட அவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் இங்கே பதிவாகியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுபடுவது இந்த இடத்தில்தான்.

சீதனக் காணி என்றால் இன்னொன்று. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மனைவி தன் காணியை ஈடு வைக்க, 1911இன் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம். போருக்குப் பிறகு இந்த நிலையில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். உங்களால் முடியாது என்று யாராவது சொன்னால் திரும்பிவிடாதீர்கள், சட்டத்தரணியிடம் போங்கள்.

காணி வாங்கவே கடன் என்றால், பங்காளிகளின் முன்வாங்கல் உரிமையை (மற்றவர்களுக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமையை) நொத்தாரிசு கவனித்தாரா என்று பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: பிரதேச சபை அல்லது மாநகர சபை அனுமதித்த வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், செலவு மதிப்பீடு, வருமான அத்தாட்சி. வரைபடத்தில் பக்கத்து வளவுக் கிணற்றையும் குறியுங்கள். மலகூடக் குழி அதற்குக் கிட்ட வந்தால் அனுமதி நின்றுவிடும். நண்பருடைய ஓட்டோ லீசிங்குக்குப் பிணை நின்றிருந்தால், அவர் கட்டாத தவணை உங்கள் கிரிப் அறிக்கையிலும் (கடன் தகவல் பணியகத்தின் CRIB அறிக்கை) தெரியும்.

[திரையில்: தவணைக் கணக்கு]

கணக்குக்காக 30 இலட்சம் ரூபா, 15 வருடம், 12 வீதம் என்று வைப்போம். மாதத் தவணை சுமார் 36,005 ரூபா. முதல் மாதம் அதில் 30,000 வட்டிக்கே போகும். கடன் தொகையில் குறைவது 6,005 மட்டுமே. வீதம் 14 ஆனால் தவணை 39,950 அளவுக்கு ஏறும். வட்டி நிலையானதா, மாறுவதா, எத்தனை வருடத்துக்கு என்பதை வங்கி தரும் கடன் சலுகைக் கடிதத்தில் (offer letter) வாசித்த பிறகே கையெழுத்து வையுங்கள்.

கட்டுமானக் கடன் ஒரேயடியாகக் கைக்கு வராது. அத்திவாரம், சுவர், கோப்பிசம் (கூரை மரவேலை) என்று வேலை முடிய முடிய, பார்வையிட்டுத்தான் விடுவார்கள். கடன் கிடைக்கட்டும் என்று மதிப்பீட்டைக் குறைத்துப் போட்ட வீடுகள் கோப்பிசத்தோடு நிற்கின்றன. அப்படி நின்றாலும் எடுத்த காசுக்கு வட்டி ஓடும். மதிப்பீட்டின் மேல் குறைந்தது பத்து வீதமாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

தவணை தடுமாறினால் 90 நாள் போகவிடாதீர்கள். அதற்குப் பிறகு அது வங்கிக் கணக்கில் செயற்படாக் கடன், அதாவது ஒழுங்காகத் திரும்பாத கடன். வங்கிகள் கடனை அறவிடுவதற்கான 1990இன் 4ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும் கடன்களில், வழக்கில்லாமலே பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து ஈட்டுக் காணியை ஏலம் விடலாம். முதல் தவணை தவறும்போதே மீளட்டவணை (தவணைகளை மாற்றியமைத்தல்) கேட்டு முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தலைமையகத்துக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறையிடலாம். முத்திரை வாங்கிய அந்தப் பிரதியையும் இணைத்து அனுப்புங்கள்.