பெடலில் வைத்த மரக்கட்டை

நேயர்களே, வணக்கம். மதுரையில் இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இன்று நான் பேச வந்தது இங்கிலாந்தில் 1930-களில் பந்தயக் கார் ஓட்டிய ஒரு பெண்ணைப் பற்றி. பெயர் கே பீட்டர். கனடாவின் டொரண்டோவில் பிறந்தவர். உயரம் 4 அடி 10 அங்குலம். இந்த உயரத்தை மறந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப அதற்குத்தான் வருவேன்.

லண்டன் பக்கம் புரூக்லண்ட்ஸ் என்று ஒரு பந்தயச் சாலை, 1907-ல் போட்டது. சித்திரைப் பொருட்காட்சிக்குத் தமுக்கம் போனவர்கள் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பலகைச் சுவரில் பைக் ஏறிச் சுற்றும், வேகம் குறைந்தால் கீழே இறங்கிவிடும். புரூக்லண்ட்ஸின் வளைவுகளும் அந்த ஜாதிதான். கான்கிரீட் சரிவு, கிட்டத்தட்ட 30 அடி உயரம். வருஷம் போகப் போகக் கான்கிரீட் அங்கங்கே அமுங்கி மேடும் பள்ளமும் ஆகிவிட்டது. வேகமாக வரும் கார் தரையை விட்டே எழும்பும்.

அங்கே கிளப்பில் சேர்ந்து கைக்காசு போட்டு ஓட்டியவர்கள்தான் அதிகம். 1908-லேயே பெண்களுக்கென்று ஒரு பந்தயம் நடந்து மியூரியல் தாம்சன் என்பவர் ஜெயித்தார். அதற்கப்புறம் நெடுநாள் பெண்களை விடவில்லை. கே பீட்டர் வந்தது அந்தத் தடை தளர்ந்த காலத்தில்.

அவரை நான் முதலில் பார்த்தது புது மண்டபத்துக் கடையில் வாங்கிய பழைய மோட்டார் பத்திரிகை ஒன்றில். டெலாஜ் என்கிற ராட்சசக் காருக்குள் சின்னதாக ஒரு தலை. அந்தக் காருக்கு 12 சிலிண்டர், பத்தரை லிட்டர் எஞ்சின். நம் தெருவில் ஓடுகிற சின்னக் கார்களுக்கு ஒரு லிட்டர்தான் இருக்கும், அப்படிப் பத்து எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெடல் கே பீட்டருக்கு எட்டவில்லை. அதனால் பெடல்மேல் மரக்கட்டை வைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊமச்சிகுளம் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார், நாற்பது வயதுக்கு மேல். தையல் மிஷின் மிதித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வேறொரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி, "உங்களுக்குக் கால் எட்டாதும்மா, விட்ருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் வந்து, "டீச்சர், கால் வளர இனி எங்க போறது?" என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இவ்வளவு காலம் மிஷின் மிதித்த காலுக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாதா? சீட்டை முன்னால் இழுத்தேன், முதுகுக்கு ஒரு கெட்டித் திண்டு, உட்கார ஒரு திண்டு. கிளட்ச் முழுசாக உள்ளே போனது. மூன்றாம் வாரம் அழகர்கோயில் சாலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவரே ஓட்டினார். ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாரும் பெடலில் கட்டையைக் கட்டிவிடாதீர்கள். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. திண்டு போதும், அதுவும் நழுவாத திண்டாக இருக்கட்டும். ஸ்டீயரிங்கில் நெஞ்சு முட்டுகிற அளவுக்கு நெருங்கியும் உட்காராதீர்கள்.

திரும்ப 4 அடி 10 அங்குலத்துக்கு வருகிறேன். 1935 ஆகஸ்டில் அந்த டெலாஜில் கே பீட்டர் மணிக்கு 134.75 மைல் வேகத்தில் ஒரு சுற்று வந்தார். சுமார் 217 கிலோமீட்டர் வேகம். புரூக்லண்ட்ஸில் ஒரு சுற்று என்பது நம் பெரியார் நிலையத்திலிருந்து தெப்பக்குளம் வரையான தூரம் என்று வையுங்கள். நமக்கு அரை மணி நேரம் ஆகும். அவருக்கு 74 விநாடி. அந்த மாதமே க்வெண்டா ஹாக்ஸ் என்ற இன்னொரு பெண் இன்னும் ஒரு மைல் வேகம் கூட்டி அதை முந்திவிட்டார். இரண்டு பெண்களுக்குள் இப்படி ஒரு போட்டி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

1937-ல் அவர் ஆஸ்டின் கம்பெனிக்காகச் சின்னக் கார் ஓட்டினார். பத்தரை லிட்டர் ராட்சசனை அடக்கியவருக்கு அடிபட்டது இந்த முக்கால் லிட்டர் காரில்தான். புரூக்லண்ட்ஸில் பந்தயத்துக்கு முந்திய பயிற்சி ஓட்டம். சரிவின் மேலே கட்டுப்பாடு இழந்த இன்னொரு கார் வழுக்கி இறங்கி இவர் கார்மேல் மோதியது. பலத்த காயம். பிழைத்துக்கொண்டார், ஆனால் பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. மொத்தம் ஆறேழு வருஷம்கூட இராது. பிறகு பத்திரிகையில் எழுதினார், ஆஸ்டின் கார்களின் உள்பக்க நிறங்களுக்கு யோசனை சொன்னார். 1994 வரை வாழ்ந்தார்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இத்தாலியின் லெல்லா லொம்பார்டியைப் பற்றிக் கால் மணி நேரம் பேச எழுதி வந்தேன். 1975 ஸ்பெயின் கிராண்ட் பிரீயில் ஆறாவதாக வந்தவர். விபத்தால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தியதால் அவருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு புள்ளி அரைப் புள்ளியானது. ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த பெண் அவர் ஒருவர்தான். மீதி என் தாளிலேயே இருக்கிறது. வணக்கம்.