பறந்துகொண்டே தன்னைக் கவனிக்கும் ட்ரோன்

நேயர்களுக்கு வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 2021 மே 22 அன்று, செவ்வாய்க் கிரகத்தில் இன்ஜெனுயிட்டி என்ற சின்ன ஹெலிகாப்டர் ஆறாவது முறையாகப் பறந்துகொண்டிருந்தது. கிளம்பி 54 விநாடி இருக்கும், தரையைப் படம் பிடித்துக்கொண்டே போன கேமராவிலிருந்து ஒரே ஒரு படம் கணினிக்கு வந்து சேராமல் தொலைந்துவிட்டது. ஒரு படம்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கு அப்புறம் வந்த ஒவ்வொரு படத்திலும், அது எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்பு தப்பாகிப் போனது. கேமரா நன்றாக இருக்கிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, எதுவும் உடையவில்லை. ஆனாலும் ஹெலிகாப்டர், இல்லாத பிழையைத் திருத்தப் பார்த்து முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே வடிவமைத்திருந்ததும், ஆட்டத்தைத் தாங்கும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்ததும்தான் காப்பாற்றின. இறங்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில் பூமியிலிருந்து யாரும் எதுவும் செய்திருக்க முடியாது, சிக்னல் போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும். நம் தலைக்கு மேலே தானாகப் பறக்கிற ட்ரோனுக்கும் நிலைமை ரொம்ப வேறு இல்லை. நான்கு விசிறி உள்ள ட்ரோனில் ஒன்று நின்றால், கண் சிமிட்டும் நேரத்தில் அது சுழல ஆரம்பித்துவிடும், கீழே நிற்பவர் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் கவனிக்கிறவர், அதாவது கவனிக்கிற சாதனம், ட்ரோனுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

சரி, எதைக் கவனிப்பது? வெப்பம் இத்தனை டிகிரி தாண்டினால் எச்சரிக்கை, வோல்டேஜ் இத்தனைக்குக் கீழே போனால் எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தை வைத்து ஒரு சென்சார் உயரம் சொல்கிறது, கீழே லேசர் அடித்து இன்னொன்று சொல்கிறது, ஜிபிஎஸ் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. லேசர் திடீரென்று 20 மீட்டர் குறைத்துக் காட்டினால் அது கெட்டுவிட்டதா, அல்லது கீழே ஒரு கட்டடம் வந்துவிட்டதா? அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது, மற்ற சென்சார்கள் என்ன சொல்கின்றன, ஒரு விநாடிக்கு முன்னால் என்ன சொல்லின, இறங்கச் சொல்லிக் கட்டளை போயிருந்ததா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2012-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் ஒரு சோதனையில் போலி ஜிபிஎஸ் சிக்னல் அனுப்பி, ஆளில்லா ஹெலிகாப்டர் ஒன்றை ஏமாற்றிக் காட்டினார்கள். தான் மேலே ஏறிக்கொண்டிருப்பதாக நம்பிய அது, சரிசெய்வதாக நினைத்துத் தரையை நோக்கி இறங்கியது. அங்கே ஜிபிஎஸ் கருவியில் பழுதே இல்லை, வந்த செய்திதான் பொய்.

ஆகவே விதிகளில் நேரம் என்பதும் இருக்க வேண்டும். 'இறங்கு என்று கட்டளை வந்தால், இத்தனை விநாடிக்குள் உயரம் குறையத் தொடங்கியிருக்க வேண்டும்' என்கிற மாதிரி. இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கணிதமாக எழுதும் காலத் தர்க்கத்தை 1977-இல் கணினித் துறைக்குக் கொண்டுவந்தவர் அமீர் ப்னூயெலி என்ற கணினி விஞ்ஞானி. எளிமையான வடிவில் இது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: விசிறிகள் வேகமெடுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் சட்டென்று சரிந்து திரும்ப ஏறும் என்பதால், ட்ரோன்களைப் பறக்கவைக்கும் ஆர்டுபைலட் என்ற மென்பொருளின் இயல்பான அமைப்பில், வோல்டேஜ் 10 விநாடி தொடர்ந்து குறைவாக இருந்தால்தான் பேட்டரி தீர்கிறது என்று முடிவுசெய்யும்.

நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உருவான ஆர்2யூ2 என்ற கண்காணிப்பு அமைப்பு இதைவிட ஒரு படி மேலே போகிறது. காலத் தர்க்க விதிகள் மீறப்படுகின்றனவா என்று பார்ப்பதோடு, நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, கோளாறு எந்தப் பாகத்தில் இருக்கக்கூடும் என்றும் யூகிக்கிறது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. அதைத் தனி சிப்பில் ஓட்ட முடியும், போகிற வருகிற தகவல்களை ஒட்டுக்கேட்கும், பறக்கவைக்கும் மென்பொருளில் கை வைக்காது. இந்தப் பிரிவினை இல்லாமல் செய்யும் கண்காணிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. காவலுக்கு இருப்பதும் அதே மென்பொருள் என்றால், ஒரே தப்பில் இரண்டுமே விழும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில், ஒன்று போனால் இன்னொன்று என்று திசையறியும் கருவி இரண்டு இருந்தன, இரண்டிலும் ஒரே மென்பொருள். பெரிய எண் ஒன்றைச் சின்ன இடத்தில் அடைக்கப் போய் இரண்டுமே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட் சிதறியது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதும் முக்கியம். 2014-இல் சூரிச்சில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஒரு விசிறி போன ட்ரோனைக்கூட, அது சுழன்றுகொண்டே இருந்தாலும் கட்டுப்பாட்டோடு பறக்கவைக்கலாம் என்று காட்டினார்கள். ஆனால் எந்த விசிறி போனது என்று ட்ரோனுக்கு உடனே தெரிந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். அதே சமயம் தேவையில்லாமல் அலறும் கண்காணிப்பும் ஆபத்துதான், ஒன்றுமில்லாததற்கெல்லாம் பாராசூட்டை விரித்தால், காற்று அதை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யார் சொல்வது?

இப்போது கேமராவில் தெரிவதைப் புரிந்துகொள்ள நியூரல் நெட்வொர்க்கை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் மென்பொருளை, வைக்கிறார்கள். அது தப்பாகப் புரிந்துகொண்டாலும் பல நேரம் முழு உறுதியோடுதான் பதில் சொல்லும். அதன் மேல் எந்த விதியை எழுதி வைப்பது என்பதுதான் இந்தத் துறையில் இப்போது மிகக் கடினமான வேலை, இதில் இறங்க விரும்பும் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அங்கிருந்தே தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.