கூட்டம் இல்லாத தெரு

(ஒரு கல்லூரி இயற்பியல் மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கரகரக்கிறது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு கோடு போட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள். கடையில் லெட் என்று கேட்டு வாங்குகிறோமே, பெயரில்தான் ஈயம். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். விரலில் ஒட்டிய கறுப்பு, கார்பன். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாக, தேன்கூடு மாதிரி, அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் சுமார் 30 லட்சம் அடுக்குகள். ஒரே அடுக்குக்குள் பிடி இறுக்கம், அடுக்குகளுக்கு நடுவே பிடி தளர்வு. அதனால்தான் உரசியதும் உதிர்கிறது.

இந்தக் கறுப்பைத்தான் ஒரு பெண்மணி ஐம்பது வருடங்களுக்கும் மேல் ஆராய்ந்தார். பெயர் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ். ‘கார்பன் ராணி’ என்று பட்டம் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. ராணிக்குச் சமையலறையில் வேலை இருக்காது, இவருக்கு இருந்தது.

1930இல் நியூயார்க்கில் பிறந்தார். போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோர். வீட்டில் காசுக்குத் தட்டுப்பாடு. ஹன்டர் கல்லூரிக்குப் பள்ளி ஆசிரியை ஆகலாம் என்றுதான் போனார். அங்கே பாடம் எடுத்த ரோசலின் யாலோ இவரை இயற்பியல் பக்கம் திருப்பிவிட்டார். அந்த யாலோவே 1977இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். டிரெசல்ஹாஸ் பிறகு சிகாகோவில், அணு இயற்பியலில் பேர்போன என்ரிகோ ஃபெர்மியின் மாணவி. காலையில் பல்கலைக்கழகத்துக்கு ஃபெர்மி நடந்து போகும் வழியில்தான் இவரும் போவார், பேசிக்கொண்டே போவார்களாம். வகுப்பைவிட அந்த நடையில் அதிகம் கற்றிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

1958இல் முனைவர் பட்டம், மீக்கடத்திகளில், அதாவது மிகுந்த குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்களில். கணவர் ஜீனும் இயற்பியலாளர். கணவன் மனைவி இருவரையும் ஒரே இடத்தில் வேலைக்கு வைக்கமாட்டோம் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருந்த காலம். இருவரையும் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி., நடத்தும் லிங்கன் ஆய்வகம். 1959க்கும் 1964க்கும் இடையில் நான்கு குழந்தைகள். ஆய்வகத்திலோ காலை 8 மணிக்கு ஆஜராக வேண்டும். நான்கு பிள்ளைகளையும் கிளப்பிவிட்டு இவர் வந்து சேர 8:30 ஆகும். அந்த அரை மணி நேரத்துக்குப் பேச்சு வாங்கினார்.

ஆய்வுப் பொருளை இவர் தேர்ந்தெடுத்ததில் இந்த வீட்டு நிலைமைக்கும் பங்கு உண்டு. மீக்கடத்திகளில் அப்போது நல்ல கூட்டம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் போகாவிட்டால், வேறொருவர் முடித்துவிடுவார். கிராஃபைட் பக்கம் அதிகம் பேர் எட்டிப் பார்க்கவில்லை. கூட்டம் இல்லாத தெருவாகப் பார்த்து நுழைந்தார்.

1967இல் எம்.ஐ.டி.க்கு வருகைப் பேராசிரியராகப் போனார். மறு வருடமே நிரந்தரம். அங்கே சேர, பையன்களைவிடப் பெண்கள் கூடுதல் தகுதி காட்ட வேண்டியிருந்தது. பெண்களுக்கு விடுதி இடம் குறைவு என்று காரணம் சொன்னார்கள்! இருவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று வாதாடி மாற்றியவர்களில் இவரும் ஒருவர்.

இப்போது இந்த பேப்பரைப் பாருங்கள். அறுகோணங்கள் வரைந்திருக்கிறேன். இதை ஒரு கிராஃபைட் அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய் சுருட்டுவது மாதிரி நேராகச் சுருட்டினால் ஒரு குழாய். கொஞ்சம் சாய்த்துச் சுருட்டினால் இன்னொரு குழாய். அறுகோணங்கள் திருகிக்கொண்டு ஏறுகின்றன, பாருங்கள். பேப்பருக்கு இரண்டும் ஒன்றுதான். குறுக்களவு ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அளவுக்கு வந்துவிட்டால் கதை வேறு. இந்த அளவில் எலக்ட்ரான் அலை மாதிரி நடந்துகொள்ளும். குழாயைச் சுற்றி அந்த அலை முழுசாகப் பொருந்தி உட்கார வேண்டும். எந்த அலை பொருந்தும் என்பதைச் சுருட்டின கோணமும் சுற்றளவும் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு குழாய் உலோகம் மாதிரி மின்சாரம் கடத்தும், இன்னொன்று குறைக்கடத்தி, சிலிக்கான் மாதிரி. அதே கார்பன்தான், வேறு எதையும் கலக்கவில்லை.

ஜப்பானில் சுமியோ இஜிமா 1991இல் இந்த மாதிரிக் கார்பன் குழாய்களை, நானோகுழாய்களை, பற்றி எழுதினார். அடுத்த வருடமே டிரெசல்ஹாஸ், கணவர் ஜீன், சைட்டோ, ஃபுஜிடா நால்வரும் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். அளந்து காட்ட 1998 வரை ஆனது. கணக்கு சரியாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் போட முடிந்ததற்குக் காரணம், அந்தத் தேன்கூட்டோடு அவருக்கு ஏற்கெனவே முப்பது வருடப் பழக்கம்.

விருதுகளை வரவேற்புரையிலேயே படித்துவிட்டார்கள். 2012இல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசை வேறு யாருடனும் பங்கிடாமல் வாங்கினார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

2017 பிப்ரவரியில், 86 வயதில் காலமானார். எண்பது தாண்டியும் அலுவலகம் போய்க்கொண்டிருந்தார். அரை மணி நேரம் தாமதம் என்று பேச்சு வாங்கியவரின் கார்தான், பல நாள் விடியற்காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் முதல் வண்டியாக நின்றிருக்கிறது.