ஐபாட் கிளாசிக்ல வீடியோ ஓடணுமா? மாத்துற முறை, அளவுகளோட

[திரையில்: ஐபாட் கிளாசிக். பக்கத்தில் ஓர் அடிஸ்கேல்]

இந்தத் திரையோட குறுக்களவு இரண்டரை அங்குலம். அகலம் 2 அங்குலம், உயரம் ஒன்றரை. அதுக்குள்ள குறுக்கே 320 புள்ளி, நெடுக்க 240 புள்ளி. போன்ல எடுத்த 4கே வீடியோவை இதுல பார்க்கணும்னா, ஃபைல் பேரோட கடைசியில எம்பி4னு மாத்தி எழுதினா போதாது. எம்பி4ங்கிறது வெறும் டப்பா. உள்ள இருக்கிற வீடியோவை இந்த ஐபாடோட சிப் படிக்கிற மாதிரி புதுசா எழுதியாகணும்.

முதல்ல உங்க கையில இருக்கிறது எந்த மாடல்னு பாருங்க. 2005 அக்டோபர்ல வந்தது ஐந்தாம் தலைமுறை ஐபாட். 2007ல வந்து 2014 வரைக்கும் வித்தது கிளாசிக். ரெண்டுக்கும் திரை ஒரே அளவுதான். தாங்குற வீடியோ அளவுதான் வேற.

[திரையில்: இரண்டு மாடல்களின் அளவுகள், அட்டவணையாக]

ரெண்டுலயும் கண்டிப்பா ஓடுற அளவு இது: எச்.264ங்கிற வீடியோ சுருக்கும் முறை, அதுல பேஸ்லைன் ப்ரொஃபைல் (எந்தெந்த உத்தியைப் பயன்படுத்தலாம்ங்கிற வகை), லெவல் 1.3 (அளவுக்கும் வேகத்துக்குமான உச்சவரம்பு). வீடியோ பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகிற தரவு, 768 கிலோபிட்டுக்கு மேல போகக்கூடாது. நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல வேண்டாம். ஆடியோ ஏஏசி எல்சிங்கிற ஒலி சுருக்கும் முறை, ஸ்டீரியோ, 160 கிலோபிட் வரைக்கும்.

பேஸ்லைன்னா என்ன? இப்போ வர்ற வீடியோக்கள்ல பெரும்பாலும் பி-ஃபிரேம் இருக்கும். முன்னாடி வந்த படத்தையும் அடுத்து வரப்போற படத்தையும் பார்த்து, நடுவுல இருக்கிற படத்தைக் கட்டுறதுதான் பி-ஃபிரேம். அதுக்கு அடுத்த படத்தை முன்கூட்டியே பிரிச்சு நினைவகத்துல வெச்சிருக்கணும். கபாக்னு ஒரு சுருக்கும் முறையும் உண்டு. இடம் மிச்சமாகும், ஆனா பிரிக்கிறப்போ சிப்புக்கு வேலை அதிகம். பேஸ்லைன்ல இந்த ரெண்டுமே கிடையாது. மெயின், ஹை ப்ரொஃபைல்ல எழுதின ஃபைல் கணினியில அழகா ஓடும். ஐபாடுக்கு ஃபைல் ஏத்துற ஆப்பிளோட ஐடியூன்ஸ் மென்பொருள்ல போட்டு சிங்க் கொடுத்தா, இந்த ஐபாட்ல இதை ஓட்ட முடியாதுன்னு திருப்பி அனுப்பிடும்.

[திரையில்: ஹேண்ட்பிரேக், ஃபைலைத் திறக்கும் காட்சி]

மாத்துறதுக்கு ஹேண்ட்பிரேக்ங்கிற மென்பொருள் போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். ஃபைலைத் திறந்து, சம்மரி பக்கத்துல ஃபார்மேட்ல எம்பி4 தேர்ந்தெடுங்க. அதே பக்கத்துல ‘ஐபாட் 5ஜி சப்போர்ட்’னு ஒரு டிக் பெட்டி இருக்கும். ஐந்தாம் தலைமுறைக்கு 640 அகலத்துல பண்றவங்க இதை டிக் பண்ண மறந்தா, மத்த எல்லா எண்ணும் சரியா இருந்தாலும் ஐடியூன்ஸ் ஃபைலை ஏத்தாது. ஃபைலுக்குள்ள ஒரு சின்ன அடையாளக் குறியைத் தேடிப் பார்த்துட்டுத்தான் அது ஏத்தும்.

அடுத்து டைமென்ஷன்ஸ். அகலம் 320. உயரம் படத்தோட விகிதத்தைப் பொறுத்தது. 16:9 வீடியோன்னா 180. சினிமாஸ்கோப் படம்னா 136. அனமார்ஃபிக்கை ‘நன்’னு வைங்க. டிவிடி படம் 720க்கு 576ங்கிற சதுரத்துக்குப் பக்கமான அளவுல சேமிச்சிருக்கும். ஓட்டும்போதுதான் பிளேயர் அதை அகலமா இழுத்துக் காட்டும். அந்த இழுப்பை ஐபாட்கிட்ட விட்டா, முகமெல்லாம் நெடுக்க நீண்டு, ஆளுங்க ஒட்டிப்போன மாதிரி தெரிவாங்க. இங்கேயே சதுரப் புள்ளியா மாத்திடுறது நல்லது.

640 எப்போ தேவை? ஏவி கேபிள் போட்டு டிவியில பார்க்கிறவங்களுக்கு. கையில வெச்சுப் பார்க்க மட்டும்னா அது வீண். ஐபாட் அந்த 640ஐ மறுபடி 320ஆ சுருக்கித்தான் காட்டும், பேட்டரிதான் செலவாகும். கிளாசிக்ல 640க்கு லெவல் 3.0, 2500 கிலோபிட் வரைக்கும் போகலாம். ஐந்தாம் தலைமுறையில 1500 மட்டும்தான், அதுவும் 2006 செப்டம்பர்ல வந்த 1.2 அப்டேட் போட்டிருந்தாத்தான். கூடவே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல ரெஃப் 1 (முந்தின ஒரே ஒரு படத்தைப் பார்த்து அடுத்ததைக் கட்டச் சொல்றது), விபிவி மேக்ஸ்ரேட் 1500, விபிவி பஃப்சைஸ் 2000 (இந்த ரெண்டும் பிட்ரேட் திடீர்னு எகிறாம பிடிக்கிறது)னு கொடுத்துடுங்க.

[திரையில்: வீடியோ பக்கம்]

வீடியோ பக்கத்துல என்கோடர் எச்.264. 10-பிட்னு பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும், அதைத் தொடாதீங்க. ப்ரொஃபைல் பேஸ்லைன், லெவல் 1.3. தரம்ங்கிற நகர்த்தியை விட்டுட்டு, ஆவரேஜ் பிட்ரேட்ல 500 போட்டு, மல்டி-பாஸை (வீடியோவை முதல்ல ஒரு தடவை அலசிட்டு, அப்புறம் எழுதுறது) டிக் பண்ணுங்க. 320 அகலத்துக்கு 500 தாராளம். சண்டைக் காட்சி, மழைக் காட்சி நிறைய இருந்தா 650 வைங்க.

எவ்வளவு இடம் பிடிக்கும்னு நீங்களே கணக்குப் போடலாம். இரண்டரை மணி நேரப் படம்னா 9000 நொடி. வீடியோ 500, ஆடியோ 128, கூட்டினா 628. 9000ஆல பெருக்கி 8ஆல வகுத்தா, சுமார் 700 எம்பி. அதே படத்தை 1500க்கும் 160க்கும் எழுதினா கிட்டத்தட்ட 1.87 ஜிபி.

இதுல இடத்தைவிடப் பெரிய விஷயம் பேட்டரி. உள்ள இருக்கிறது சுத்துற ஹார்டு டிஸ்க். படத்துல கொஞ்சத்தைப் படிச்சு நினைவகத்துல போட்டுட்டு, டிஸ்க் நின்னுடும். தீரும்போது மறுபடி சுத்தும். 30 ஜிபி ஐந்தாம் தலைமுறையில நினைவகம் 32 எம்பிதான். அது முழுசும் வீடியோவுக்கே கிடைச்சாலும், 628 கிலோபிட்ல சுமார் ஏழு நிமிஷம் தாங்கும். 1660ல ரெண்டரை நிமிஷம்தான். அந்த மாடல் முதல்ல வந்தப்போ வீடியோவுக்குச் சொன்ன பேட்டரி நேரமே 2 மணி நேரம். பிட்ரேட்டைக் குறைக்கச் சொல்றது இதனாலதான்.

ஃபிரேம்ரேட்ல போன் வீடியோவுக்கு 30 கொடுத்து, ‘கான்ஸ்டன்ட்’ வைங்க. போன்ல எடுத்ததுல ஃபிரேம் இடைவெளி ஏறி இறங்கும். அப்படியே விட்டா போகப் போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்னு விலகலாம். டிவிடி 25 ஃபிரேம்ல இருந்தா 25ஆவே விடுங்க. 30ஆ ஏத்தினா ஒரே படம் ரெண்டு தடவை வந்து அசைவு தட்டும். பழைய கேம்கார்டர்ல எடுத்த கல்யாண வீடியோன்னா, ஆள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். ஃபில்டர்ஸ் பக்கத்துல டிஇன்டர்லேஸ் போட்டா போயிடும்.

[திரையில்: ஆடியோ பக்கம்]

ஆடியோவுல ஒரே ஒரு டிராக் வைங்க. ஏஏசி, 128, மிக்ஸ்டவுன் ஸ்டீரியோ. ஏசி3 பாஸ்த்ரூ (மூல ஒலியை மாத்தாம அப்படியே அனுப்புறது) இருந்தா எடுத்துடுங்க. ஆறு தடம் இருக்கிற 5.1 ஒலியை ஸ்டீரியோவா இறக்கும்போது வசனம் அமுங்கி, பின்னணி இசை முந்திக்கிட்டு வரும். டிஆர்சியை (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறது) 2 அளவுக்கு வெச்சா ஓரளவு சமமாகும்.

சப்டைட்டில் இருந்தா ‘பர்ன் இன்’ கொடுத்துப் படத்தோடவே பதிச்சுடுங்க. தமிழ் சப்டைட்டில் இருக்கிற எஸ்ஆர்டி ஃபைலை யுடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியீட்டுல சேமிச்சிருக்கணும், இல்லேன்னா எழுத்து எல்லாம் குப்பையா வரும். இன்னொரு கஷ்டமும் உண்டு, கிட்டத்துல பாருங்க.

[திரையில்: 136 புள்ளி உயரப் படத்தில் ஒரு தமிழ் வரி, பெரிதாக்கி]

எழுத்து பத்துப் பன்னிரண்டு புள்ளி உயரத்துக்கு இறங்கினா, ‘ன’வோட சுழியும் ‘ண’வோட சுழியும் ஒண்ணா கலந்துடும். ‘மனம்’னு எழுதியிருக்கா, ‘மணம்’னு எழுதியிருக்கான்னு இடம் பார்த்துத்தான் ஊகிக்கணும். ஆங்கிலத்துக்கு எடுபடுற அளவு தமிழுக்கு எடுபடாது. வரியைச் சின்னதா உடைச்சு, ஏஜிசப்ங்கிற சப்டைட்டில் மென்பொருள்ல எழுத்தைப் பெருசாக்கி, எழுத்தோட அளவையும் சேர்த்து வெச்சுக்கிற ஏஎஸ்எஸ் ஃபைலா சேமிச்சுப் பதிங்க. படத்துலயே மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை இருந்தா, ஓரத்தை வெட்டுற கிராப்பை நிறுத்திடுங்க. எழுத்து அந்தக் கறுப்புல உட்காரும், படிக்கத் தெளிவா இருக்கும்.

முழுப் படத்தையும் ஓட விடறதுக்கு முன்னாடி, ரேஞ்ச்ல ‘செகண்ட்ஸ்’ தேர்ந்தெடுத்து ஒரு நிமிஷம் மட்டும் மாத்திப் பாருங்க. படத்தோட ஆரம்பத்தை எடுக்காதீங்க. அங்க பேர்தான் ஓடிட்டு இருக்கும். இருட்டா, வேகமா அசையுற இடமா பார்த்து எடுங்க. கட்டங்கட்டமா உடையுறது அங்கதான் முதல்ல தெரியும்.

[திரையில்: ஐடியூன்ஸ், இழுத்துப் போடும் காட்சி]

ஏத்துறது எப்படி? ஐபாடை டிஸ்க்கா திறந்து ஃபைலை காப்பி பண்ணினா, ஃபைல் உள்ள இருக்கும், ஆனா மெனுவுல வராது. ஐபாட் தன்னோட பட்டியலைப் பார்த்துத்தான் ஓட்டும், அந்தப் பட்டியலை எழுதுறது ஐடியூன்ஸ். மேக்ல 2019ல வந்த கேட்டலினா பதிப்புல இருந்து, ஃபைலை டிவி ஆப்ல சேர்த்து, ஃபைண்டர் வழியா சிங்க் பண்ணணும். சேர்த்த வீடியோ ‘ஹோம் வீடியோஸ்’ பிரிவுல போய் உட்கார்ந்திருக்கும். படங்களோட சேர்ந்து வரணும்னா, கெட் இன்ஃபோ, ஆப்ஷன்ஸ், மீடியா கைண்ட் போய் ‘மூவி’னு மாத்திட்டு மறுபடி சிங்க் கொடுங்க.