விட்டுப் போகும்போது என்ன விலை?

ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வீட்டைக் காலி செய்யும் உறுப்பினர் எவ்வளவு வாங்கிக்கொண்டு போகிறார்? போட்ட பங்குத்தொகையையா, சந்தை விலையையா? ஊருக்கு ஊர் பதில் வேறு. காரணம், அந்த ஊர் கடந்து வந்த பாதை.

(திரையில்: ஸ்டாக்ஹோம், பழைய புகைப்படங்கள்)

முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கே, ஸ்வீடனில், கடும் வீட்டுப் பஞ்சம். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் கூடி 1923-இல் ஹெச்.எஸ்.பி. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சேமித்துக் கட்டு என்பதுதான் திட்டம். கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், உறுப்பினருக்குக் குடியிருக்கும் உரிமை. அந்த உரிமையைக் கைமாற்றும் விலைக்கு அரசுக் கட்டுப்பாடு இருந்தது. 1960களின் கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் என்ன, உரிமை சந்தைக்கு வந்தது. இன்று அதை வாங்க வங்கியில் பெரிய கடன் எடுக்க வேண்டியிருக்கிறது. சங்கமும் பொதுக்குழுவும் அப்படியேதான் இருக்கின்றன!

(திரையில்: உருகுவேயின் வரைபடம்)

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த கதை. தென் அமெரிக்காவில் இருக்கும் உருகுவேயில் 1968-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் கூட்டுறவுகளுக்கு அரசுக் கடன் கிடைக்க வழி செய்தது. கையில் காசில்லாத குடும்பங்கள் உழைப்பையே பங்காகப் போட்டன. வாரம் சுமார் 20 மணி நேரம் கல்லும் கலவையும் சுமந்து, தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டின. எது யார் வீடு என்பது பெரும்பாலும் கட்டி முடித்த பிறகே தெரியும். அதனால் எல்லாச் சுவரும் ஒரே அக்கறையோடு எழும்பின.

1973-இல் ராணுவ ஆட்சி வந்தது. பத்து ஆண்டு கழித்து, இந்த வீடுகளைத் தனித்தனிச் சொத்தாக மாற்ற அது சட்டம் போட்டது. சரி, சொந்தப் பத்திரம் கிடைக்கிறதே என்று யாரும் மகிழவில்லை. கூட்டாக நின்றால்தான் தங்களை யாரும் வெளியேற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1984-இல் ஒரே நாளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். அந்த மாற்றம் நடக்கவில்லை.

(திரையில்: நியூயார்க், பென் சவுத்)

தையல் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் எழுந்த 2,820 வீடுகள். 1962-இல் நடந்த திறப்பு விழாவுக்கு அதிபர் கென்னடியே வந்தார். சொத்துவரிச் சலுகை இருந்தவரை விலை குறைவாகவே இருந்தது. அது முடியும் தறுவாயில், சந்தை விலைக்கு விற்கலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்குப் போனது. மான்ஹாட்டனில் வீடு என்றால் கொள்ளை லாபம். உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள். பின்னாலும் அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் வாக்குப்பெட்டி அதே பதிலைத்தான் சொன்னது.