"இருக்கிறவர் கொடுத்தார், அதில் என்ன தியாகம்?"

அஸ்ஸலாமு அலைக்கும். நபித்தோழரும் மூன்றாவது கலீஃபாவுமான (முஸ்லிம்களின் ஆட்சித் தலைவர்) உஸ்மான் (ரலி) மக்களுக்காகக் கிணறு வாங்கிக் கொடுத்ததைப் பற்றி ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "உஸ்மான் (ரலி) அவர்கள் குறைஷிகளில் பெரிய குடும்பம், பெரிய வியாபாரி. இருக்கிறவர் கொடுத்தார். இதைத் தியாகம் என்று ஏன் சொல்கிறோம்?"

சரி, முதலில் அந்தக் குடும்பத்தைப் பார்ப்போம். பனூ உமைய்யா என்றால் அன்றைய மக்காவில் பணமும் அதிகாரமும் சேர்ந்த கூட்டம். அவருடைய தந்தை அஃப்பான் வியாபாரி. தாய்வழிப் பாட்டியோ நபி (ஸல்) அவர்களின் அத்தை. உஸ்மான் அவர்களும் வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அபூபக்ர் (ரலி) எடுத்துச் சொல்ல, ஆரம்பத்திலேயே இஸ்லாத்தை ஏற்றார்கள். அவருடைய சிறிய தந்தை ஹகம் கயிற்றால் கட்டிப்போட்டு, 'இந்த மார்க்கத்தை விடும்வரை அவிழ்க்க மாட்டேன்' என்று சொன்னதாக வரலாற்று நூல்களில் வருகிறது. உஸ்மான் அவர்கள் விடவில்லை. அப்புறம் மனைவி ருகைய்யா (ரலி) அவர்களோடு அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா பகுதி) போனார்கள். வியாபாரிக்கு ஊரும் உறவும்தான் முதல். அதையே விட்டுவிட்டுக் கிளம்பியவர் அவர்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். மக்காவிலிருந்து மதீனா வந்தவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் ரூமா கிணற்றில்தான் இருந்தது. அதுவும் காசு கொடுத்தால்தான் கிடைக்கும். யார் இதை வாங்கி, தன் வாளியை முஸ்லிம்களின் வாளிகளோடு ஒன்றாக ஆக்குகிறாரோ, அவருக்கு இதைவிடச் சிறந்தது சொர்க்கத்தில் உண்டு என்று நபி (ஸல்) சொன்னார்கள். திர்மிதி, நஸயீ ஆகிய ஹதீஸ் (நபிமொழி) நூல்களில் இது இருக்கிறது. என்ன விலை கொடுத்தார்கள் என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அந்த வாளி என்ற வார்த்தையைக் கவனியுங்கள். எனக்கு இந்த ஹதீஸில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பொதுவாக ஊருக்குக் கிணறு கொடுத்தவர் வீட்டு வாளி வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இங்கே நிபந்தனையே வேறு. பணம் உன்னுடையது, ஆனால் தண்ணீர் எடுக்க வரும்போது நீயும் வரிசையில் ஒருவன். முதல் வாளி என்று எதுவும் உனக்குக் கிடையாது. பனூ உமைய்யா வீட்டுப் பிள்ளை இதற்குச் சம்மதித்துத்தான் கிணற்றை வாங்கி வக்ஃபு செய்தார், அதாவது அல்லாஹ்வுக்காகப் பொதுச் சொத்தாக்கினார். சகோதரரே, நீங்கள் கேட்ட தியாகம் இதில் இருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிடலாம், கொடுத்தவன் என்கிற இடத்தையும் சேர்த்துக் கொடுப்பது கஷ்டம்.

மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலை விரிவாக்கப் பக்கத்து நிலத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான். ஹிஜ்ரி 9இல் தபூக் போர், கடும் வெயில், கையில் எதுவும் இல்லாத நேரம். உஸ்மான் அவர்கள் படைக்காக 1,000 தீனார்களை, அதாவது தங்கக் காசுகளை, அங்கியின் கைப்பகுதியில் வைத்துக் கொண்டுவந்து நபியவர்களின் மடியில் கொட்டினார்கள். இன்றைய கணக்கில் 500 பவுனுக்கு மேல். நபியவர்கள் அந்தக் காசுகளைக் கையால் புரட்டிக்கொண்டே, இன்றைக்குப் பிறகு உஸ்மான் என்ன செய்தாலும் அது அவருக்குத் தீங்கு தராது என்று இரண்டு முறை சொன்னார்கள்.

இனி கடைசிக் காலம். ஹிஜ்ரி 35. 12 வருடம் கலீஃபாவாக இருந்தவர், வயது 80ஐத் தாண்டியிருக்கிறது. கிளர்ச்சிக்காரர்கள் வீட்டை முற்றுகையிட்டுத் தண்ணீரையும் தடுத்துவிட்டார்கள். அப்போது மேலிருந்து எட்டிப் பார்த்து அல்லாஹ்வின் பெயரால் கேட்கிறார்கள்: ரூமா கிணற்றை என் சொந்தப் பணத்தில் வாங்கிக் கொடுத்தேனே, தெரியுமா? இன்று அந்தத் தண்ணீரையே எனக்குத் தடுக்கிறீர்கள், நான் உப்புத் தண்ணீரைக் குடிக்கிறேன்.

கீழே நின்றவர்கள், "ஆம், அறிவோம்" என்றார்கள். அதற்குப் பிறகும் முற்றுகை விலகவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே அவர்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்தக் கிணறு மதீனாவின் வடமேற்கே இன்றும் இருக்கிறது. பிஃரு உஸ்மான், அதாவது உஸ்மானின் கிணறு என்று சொல்வார்கள்.